தீ வாளியில் புழு இல்லை

கொசுவைச் சுட முடியாது. இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் படை மருதங்கரை வரைக்கும் வந்து சிரமப்பட்டிருக்காது.

தாமிரபரணியில் வெள்ளம் வந்து வடிந்த வருஷம் அது. ஆட்களை மீட்க முதலில் ஒரு பட்டாளம் வந்தது. அந்தப் பையன்கள் நல்ல பையன்கள். கழுத்தளவுத் தண்ணீரில் ஆட்டுக்குட்டியைக்கூடத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு சொல் குறையாகச் சொல்ல மாட்டேன். வேலையை முடித்தார்கள், போய்விட்டார்கள். வேலையை முடிக்கிறவன் எந்த ஊரிலும் தங்க மாட்டான்.

தங்குகிறவர்கள் பிறகு வந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் கல்லிடைக்குறிச்சிப் பக்கமும் எங்கள் பக்கமும் டெங்கு கண்டது. பேப்பரில் போட்டார்கள். பேப்பரில் வந்துவிட்டால் மேலே இருக்கிறவர்களுக்கும் காய்ச்சல் வந்துவிடும். ஊருக்கு மருந்து வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். 'கொசு எதிர்ப்புச் சுகாதாரப் படை' என்று பலகை மாட்டிய லாரிகள் வந்தன.

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுவிட்டு மைதானத்தில் கூடாரம் அடித்தார்கள். முதல் வேலையாக அங்கே கிடந்த கற்களை வரிசையாக அடுக்கிச் சுண்ணாம்பு பூசினார்கள். அடுத்து, மரங்களுக்கு இடுப்பளவு சுண்ணாம்பு. அதற்கடுத்து, கொடிக்கம்பம். கொசுக்கள் அதுவரைக்கும் மரியாதையாகக் காத்திருந்தன.

படைத்தலைவர் மேஜர் தில்லைநாயகம். படித்த டாக்டர்தான், மீசையைப் பார்த்தால் தெரியாது. ஊரைக் கூட்டி ஒலிபெருக்கியில் பேசினார்.

"மருதங்கரைப் பொதுமக்களே! எதிரி சிறியவன் என்று ஏமாந்துவிடாதீர்கள். எதிரிக்குச் சிறகு இருக்கிறது, நமக்கு இல்லை. எதிரி நினைத்த நேரத்தில் கடிப்பான். நாம் மேலிடத்து உத்தரவு இல்லாமல் கையைத் தூக்க மாட்டோம். இருந்தாலும் வெற்றி நமதே! ஏனென்றால் எதிரியிடம் ஒழுங்கு இல்லை."

நாங்கள் கைதட்டினோம். தட்டியதில் நாலைந்து கொசு செத்தது. அந்தப் படை இங்கே இருந்த காலத்தில் நேருக்கு நேர் நின்று செத்த கொசு அவ்வளவுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் தாக்குதல் தொடங்கியது. வீடு வீடாக நுழைந்து தண்ணீர் இருந்த பாத்திரத்தையெல்லாம் கவிழ்த்தார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆறு ஓடுகிறது. குழாயில் மட்டும் வாரத்துக்கு ஒரு தடவைதான் தண்ணீர் வரும். அதைக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைத்துத்தான் குடிக்கிறோம். அதைக் கொட்டிவிட்டு, "நீங்கள் பாதுகாக்கப்பட்டீர்கள்" என்று கதவில் முத்திரை ஒட்டினார்கள். பாதுகாக்கப்பட்ட பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்குப் போனார்கள்.

பள்ளிக்கூட மதிலை ஒட்டிய வீடு காசிலிங்கத்துடையது. வயதுக் காலம் முழுக்க வாழைத்தார் சுமந்து முதுகு வளைந்த மனுஷர். மனைவி இல்லை. மகன் பெருமாள்ராஜ் வடநாட்டுக்கு லாரி ஓட்டுகிறான். வீட்டில் இருந்தது மருமகள் பொன்செல்வி, நிறைமாதம். ஆஸ்பத்திரி டாக்டரம்மா காசிலிங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தாள்: "இந்தச் சமயத்துல டெங்கு வந்தா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. பிரசவம் ஆகிற வரைக்கும் ஒரு கொசு கடிக்காம பாத்துக்கோங்க."

அன்றையிலிருந்து அவருக்கு வேறு நினைப்பு கிடையாது. கட்டிலைச் சுற்றி வலை கட்டினார். இந்தக் கொசு பகலில்தான் கடிக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால் பகலிலும் மருமகளை வலைக்குள் உட்காரச் சொன்னார்.

"மாமா, நான் என்ன கோழியா? பஞ்சாரத்தப் போட்டு மூடி வச்சிருக்கிய?"

"கோழின்னா பஞ்சாரத்துக்குள்ள பேசாம கெடக்கும் தாயி."

"வெந்து சாவுதேன் உள்ள. ஒரு விசிறியாச்சும் தாங்க."

விசிறி கொடுத்தார். வலையைச் சுற்றிச் சுற்றி வந்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். காவல்காரன் வேலைதான். சம்பளமும் சுண்ணாம்பும் கிடையாது.

இதற்குள் அடுத்த வீட்டு அலி அஸ்கர் காய்ச்சலில் விழுந்தார். வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர். திரும்பிப் போகிற நாளில் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டு கிடந்தார். அவர் மனைவி ஷஃபீகா மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தவள், மதிலோரம் நின்று காசிலிங்கத்தைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, இங்கன வந்து எட்டிப் பாருங்க. நம்ம வீட்டு டிரம்மையெல்லாம் கவுத்தாங்கல்லா, இது என்னதாம்?"

எட்டிப் பார்த்தார். மதிலுக்கு அந்தப்பக்கம், பூவரச மர நிழலில், இரும்புத் தாங்கிகளில் வரிசையாகச் சிவப்பு வாளிகள். ஒவ்வொன்றிலும் கழுத்து முட்டத் தண்ணீர். தண்ணீருக்குள் புழுக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நெளிந்தன. மதிலுக்கு இந்தப்பக்கம் ஒரு வீட்டில் அலி அஸ்கர் படுத்த கட்டில். இன்னொரு வீட்டில் பொன்செல்வி உட்கார்ந்திருந்த கட்டில்.

காசிலிங்கம் நேரே முகாம் வாசலுக்குப் போனார். அங்கே நின்றவர் ஹவில்தார் காந்திமதிநாதன், பாளையங்கோட்டைக்காரர். வெயிலில் சட்டைக்கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, கையைக் கையை அறைந்துகொண்டு நின்றார்.

"கொசு கடிக்குல்லா, கைய எறக்கி விடலாம்லா வே?"

"பொழுது அடைஞ்சப் பொறவுதான் எறக்கணும். பியூகிள் ஊதுவாங்க. வெள்ளக்காரன் காலத்துலருந்து அப்படித்தான் உத்தரவு."

"இந்தக் கொசு பகல்லல்லா கடிக்கும்?"

"அதுக்கு உத்தரவு தெரியல. நாங்க என்ன செய்ய?"

காசிலிங்கம் விஷயத்துக்கு வந்தார். "அங்கன செவப்பு வாளியில புழு நெளியுது."

"அது வாளி இல்ல பெரியவரே. தீயணைப்பு உபகரணம்."

"சரி, உபகரணத்துல புழு நெளியுது."

ஹவில்தார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "தெரியும் அண்ணாச்சி. எனக்கும் கண்ணு இருக்குல்லா? வாளி தீயணைப்புப் பிரிவுக்குச் சொந்தம். நாங்க சுகாதாரம். எங்க கை அதுல படக் கூடாது."

"அப்ப அந்தப் பிரிவுக்காரன வரச் சொல்லும்."

"அவங்க புனாவுல இருக்காங்க."

"புனாவுல இருக்கவன் வாளி மருதங்கரையில எதுக்கு?"

"தீப்பிடிச்சா அணைக்க."

"யாரு அணைப்பா?"

"அதான் சொன்னேன்லா, எங்க கை படக் கூடாது."

காசிலிங்கம் கொஞ்சநேரம் அவரையே பார்த்தார். கேலி செய்கிறானோ என்று. ஹவில்தார் முகத்தில் கேலி இல்லை. கொசுதான் இருந்தது.

மேஜரைப் பார்க்க அனுமதி வாங்கவே அந்த வாரம் கழிந்தது. ஷஃபீகாவும் கூடப் போனாள். மேஜர் மரியாதையான மனுஷர். நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்.

"வாளித் தண்ணியக் கொட்டிருங்க ஐயா," என்றார் காசிலிங்கம். "வீட்டுல மருமக மாசமா இருக்கா. காய்ச்சல் கண்டா ரெண்டு உசுரு."

"உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் வாளி காலியாக இருந்தால் முகாம் தயார்நிலையில் இல்லை என்று அர்த்தம்."

"கொட்டிட்டு வேற தண்ணி ஊத்துங்க."

"கொட்டுகிற நேரத்துக்கும் ஊற்றுகிற நேரத்துக்கும் இடையில் வாளி காலியாக இருக்குமே!"

"மண்ணெண்ணெயாச்சும் ஊத்துங்க. புழு செத்துரும்."

"தீயணைக்கிற வாளியில் மண்ணெண்ணெயா?" மேஜருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

"மூடி போடலாம்."

"மூடியைத் திறப்பதற்குள் தீ பரவிவிடும்."

"மணல நெரப்புங்க. பக்கத்துலதான ஆறு?"

"தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை இருக்கிறது. சட்டத்தை நாங்கள் மீற முடியாது." அந்த நேரத்தில் ரோட்டில் ஒரு மணல் லாரி போனது. மேஜர் அதைப் பார்க்கவில்லை. பழக்கம்தான்.

ஷஃபீகா வாயைத் திறந்தாள். "பள்ளிவாசல் ஹவுள் தொட்டியில கப்பி மீன் வளக்குதோம். புழுவெல்லாத்தையும் தின்னுரும். ஒரு சட்டி நெறயத் தாரேன். வாளிக்கு ரெண்டு போடுங்க."

மேஜர் யோசித்தார். நல்ல யோசனை என்பது அவர் கண்ணில் தெரிந்தது. பிறகு அது அணைந்தது. "உயிருள்ள மீன் முகாமுக்குள் வந்தால் அது ரேஷன். ரேஷன் என்றால் சமைத்தாக வேண்டும்."

"எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரில கெடக்காரு சார். இந்த வாளிக் கொசுதான் கடிச்சிருக்கு."

"அவர் வளைகுடாவிலிருந்து வந்தவர். அங்கே கடித்திருக்கும்."

"அவரு வந்து ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு! அம்புட்டு நாளாவா அந்தக் கொசு கடிச்சது ஏறும்?"

"வெளிநாட்டுக் கொசுவைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும், அம்மா?" என்று கேட்டார் மேஜர். "பாருங்கள். இந்த முகாம் 'கொசு அற்ற பகுதி' என்று மேலிடத்துக்கு எழுதி, மேலிடமும் ஏற்றுக்கொண்டுவிட்டது. கொசு அற்ற பகுதியில் கொசுப்புழு இருக்க முடியாது. இது விஞ்ஞானம்."

அவர் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு கொசு வந்து அவருடைய மடித்துவிட்ட கையில் உட்கார்ந்தது. காலில் வெள்ளை வரி போட்ட கொசு. மேஜர் அதைப் பார்த்தார். காசிலிங்கமும் பார்த்தார். ஷஃபீகாவும் பார்த்தாள். அடித்தால் கொசு இருந்ததாக ஆகிவிடும். மேஜர் அடிக்கவில்லை. அது வயிறு நிறையக் குடித்து, கனத்துப்போய், பைய எழும்பி வாளிப் பக்கமாகப் பறந்தது. மூன்று பேரும் அது போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"வேறு ஏதாவது குறை உண்டா?" என்றார் மேஜர்.

வெளியே வந்ததும் ஷஃபீகா சொன்னாள்: "அந்த மனுசனுக்கு நெஞ்சழுத்தம் அண்ணாச்சி. நானா இருந்தா பட்டுனு அடிச்சிருப்பேன்."

"நமக்கு மேலிடம் இல்லல்லா தாயி," என்றார் காசிலிங்கம்.

அடுத்த வாரக் கடைசியில் டெல்லியிலிருந்து பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார் என்று முகாம் பரபரத்தது. கற்களுக்கு இன்னொரு பூச்சு சுண்ணாம்பு. வாளிகளுக்குப் புதுச் சிவப்பு. குறைந்திருந்த வாளிகளில் தண்ணீர் விட்டு நிரப்பினார்கள். இதற்கு மட்டும் சுகாதாரப் பிரிவின் கை படலாமாம். ஊர் முழுக்கப் புகை அடித்தார்கள். முகாமுக்குள் அடிக்கவில்லை, கொசு இல்லாத இடத்தில் அடித்தால் கணக்கு கேட்பார்களே. வெளியே இருந்த கொசுவெல்லாம் புகைக்குப் பயந்து உள்ளே போய்த் தங்கின.

பொன்செல்விக்கு அன்று காலையில் இடுப்பு வலி தொடங்கியிருந்தது. பொய்வலியோ மெய்வலியோ தெரியவில்லை. ஆட்டோவுக்குச் சொல்லியிருந்தது. வலைக்குள் உட்கார்ந்திருந்தவள் கையைச் சொறிந்தாள். காசிலிங்கம் பதறிப்போய்ப் பார்த்தார். வேர்க்குருதான்.

"மாமா, ஏன் இப்படி முழிக்கிய? எனக்கு ஒண்ணும் செய்யல."

காசிலிங்கம் எழுந்து வெளியே போனார். வெள்ளத்தில் பள்ளிக்கூட மதில் ஓர் இடத்தில் இடிந்திருந்தது. சுண்ணாம்பு அடிக்க நேரம் இருந்தவர்களுக்கு அதை அடைக்க நேரம் இல்லை. அதன் வழியாக உள்ளே நுழைந்தார்.

சரியாக அப்போதுதான் டெல்லி அதிகாரியின் கார் நின்றது. பேண்டு வாத்தியம் முழங்கியது. படை முழுவதும் விறைத்து நின்று சல்யூட் அடித்தது. எதிரே மேடையில் ஏறிய அதிகாரியும் பதில் சல்யூட் வைத்தார். வாத்தியம் நிற்கிற வரைக்கும் ஒருவனும் அசையக் கூடாது, அசைந்தால் தண்டனை. அதிகாரியும் அசைய முடியாது. பட்டாளத்தில் இதைவிடப் பெரிய சட்டம் கிடையாது.

அத்தனை பேர் கண்ணுக்கும் முன்னால் காசிலிங்கம் முதல் வாளியைத் தாங்கியிலிருந்து தூக்கிக் கவிழ்த்தார்.

தண்ணீர் தரையில் பரவியது. சுண்ணாம்பு அடித்த கல்லின் மேல் புழுக்கள் துள்ளின. அவர் அடுத்த வாளிக்குப் போனார். வாளிக் காவலுக்கு நின்றவன் துப்பாக்கியை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சிலை மாதிரி நின்றான். அவனுடைய பூட்ஸுக்கு மேலேயே தண்ணீர் ஓடியது. வரிசைக் கோடியில் ஹவில்தார் காந்திமதிநாதன் உதட்டை அசைக்காமல் பல்லிடுக்கில் பேசினார்.

"ஏய் பெரிசு... ஓடிரும்வே... வாத்தியம் நிக்கப் போவுது..."

"ஓடவா வந்தேன்?" என்றார் காசிலிங்கம். அடுத்ததைக் கவிழ்த்தார்.

முதுகு பிடித்துக்கொண்டது. நிமிர முடியாமல் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். அப்போது மதில் இடிசல் வழியாக ஷஃபீகா வந்தாள். முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு மறுகோடியிலிருந்து கவிழ்த்துக்கொண்டே வந்தாள். இரண்டு பேரும் நடுவில் சந்தித்துக் கடைசி வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கவிழ்த்தார்கள். வாத்தியம் நின்றது. கைகள் இறங்கின.

டெல்லி அதிகாரி கேட்டார்: "அங்கே என்ன நடக்கிறது?"

மேஜரின் மீசை துடித்தது. ஒரு நொடிதான். "மக்கள் பங்கேற்பு, சார்."

"மிகச் சிறப்பு!" என்றார் அதிகாரி. பிறகு கழுத்தையும் காதையும் சொறிந்துகொண்டே பேசினார்: "நான் எத்தனையோ முகாம்களைப் பார்த்திருக்கிறேன். கொசு இல்லாத முகாமை இங்கேதான் பார்க்கிறேன்." அவர் வேகவேகமாகக் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

கார் மறைந்ததும் காசிலிங்கத்தைக் கூடாரத்துக்குள் கொண்டுபோனார்கள். இந்தத் தடவை தேநீர் இல்லை. ஷஃபீகாவைப் பெண் என்று விட்டுவிட்டார்கள்; பெண்கள் கவிழ்த்தால் எந்தச் சட்டம் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அவள் போய்ப் பொன்செல்வியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டாள்.

"எதற்காகக் கவிழ்த்தீர்கள்?" என்றார் மேஜர்.

"புழு இருந்துது."

"அப்படி எழுத முடியாது. காற்றில் விழுந்தது என்று சொல்லுங்கள்."

"காத்து எங்க அடிச்சுது? கொடியே தொங்கிக்கிட்டுல்லா கெடக்கு."

மேஜர் ஹவில்தாரைப் பார்த்தார். ஹவில்தார் ஒரு வழி சொன்னார்: "திருட வந்ததா எழுதிரலாம் சார். வயசானவர்னு மன்னிச்சு விட்டதாவும் எழுதிரலாம். ரெண்டு பேருக்கும் கௌரவம்."

"நான் வாளியத் திருடுனவனா?" காசிலிங்கம் எழுந்துவிட்டார். "லே, வாழத்தாரு சொமந்தப்ப ஒரு பழம் பிச்சித் தின்னது கெடையாது. புழு இருந்துது, நான் கவுத்தேன். அப்படி எழுதுங்க, ரேக வைக்கேன். வேற எதுக்கும் வைக்க மாட்டேன்."

"பெரியவரே, உங்களைப் போலீசில் ஒப்படைக்க முடியும்."

"ஒப்படைங்க. எதுக்கு நொழஞ்சேன்னு அவனும் கேப்பான். அங்கனயும் இதத்தான் சொல்லுவேன். கோர்ட்டுல கேட்டா கோர்ட்டுலயும் சொல்லுவேன். பேப்பர்க்காரன் கேட்டா அவங்கிட்டயும் சொல்லுவேன்."

மேஜர் பேனாவை மூடினார். புழு இருந்தது என்று எழுதினால் முகாம் பொய். எழுதாமல் விட்டால் காசிலிங்கம் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் செய்யாதவரைப் பிடித்துவைக்க முடியாது. கடைசியில், "போய் வாருங்கள்" என்றார். "ஆனால் ஒன்று. உபகரணங்கள் சாயங்காலம் மறுபடி நிரப்பப்படும். அது உத்தரவு."

"நெரப்புங்க," என்றார் காசிலிங்கம். "நானும் வாரேன்."

நிரப்பினார்கள். மறுநாள் காலையில் அவரும் போனார். இப்போது வாளிக் காவல் ஹவில்தாரின் பொறுப்பு.

"அண்ணாச்சி, இன்னைக்குச் சல்யூட்டு இல்ல. எனக்குக் கை காலெல்லாம் அசையும். உம்மப் பிடிக்கணும்னு உத்தரவு."

"பிடியும். பிடிச்சு என்னன்னு எழுதுவீரு?"

ஹவில்தார் நெற்றியைச் சொறிந்தார். அப்புறம் காவல்காரனைப் பார்த்து, தொண்டை கிழியக் கத்தினார்: "பின்னால் திரும்பு!" காவல்காரன் காலைத் தட்டித் திரும்பினான். ஹவில்தாரும் தனக்குத்தானே உத்தரவு கொடுத்ததுபோல் திரும்பிக்கொண்டார். தண்ணீர் கொட்டுகிற சத்தம் ஓய்ந்ததும் இருவரும் முன்னால் திரும்பினார்கள். காலி வாளிகளைப் பார்த்து ஆச்சரியப்பட்டுவிட்டு நிரப்பினார்கள். அதற்குப்பிறகு அது காலை அணிவகுப்பில் ஒரு பகுதி ஆகிவிட்டது.

அந்த வலி மெய்வலிதான். ஆஸ்பத்திரியில் பொன்செல்விக்குப் பெண்குழந்தை பிறந்தது. தாய்க்கும் காய்ச்சல் இல்லை, பிள்ளைக்கும் இல்லை. அலி அஸ்கர் கொக்கு மாதிரி மெலிந்து வீடு திரும்பினார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பொன்செல்வி மதிலோர வீட்டுக்கு வந்த அன்று, ஹவில்தார் ஒரு பாக்கெட் மிட்டாயோடு வந்து வாசலில் நின்றார்.

"மேஜர் சொல்லி அனுப்பினாரு. நல்லபடியாப் பிரசவம் ஆச்சுல்லா? உங்க கவல தீந்துது. இனிமே முகாமுக்குள்ள வர வேண்டாம்னு ரொம்பத் தயவாச் சொல்லச் சொன்னாரு."

காசிலிங்கம் மிட்டாயை வாங்கிக்கொண்டார். உள்ளே வலைக்குள் தாயும் பிள்ளையும் உறங்குவதைத் திரும்பிப் பார்த்தார்.

"கவல தீந்துதா? நல்லாச் சொன்னீரு. இம்புட்டு நாளும் அந்த உசுரு வயித்துக்குள்ள இருந்துது. இப்ப வெளியல்லா கெடக்கு? வேலயே இனிமேதாம்வே."

துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு மதில் இடிசலைப் பார்த்து நடந்தார். ஹவில்தார் வாசல் வழியாக முகாமுக்கு ஓடினார். நேரமாகிவிட்டது, காவல்காரனை அவர்தான் திருப்ப வேண்டும்.